ருட்சலுக்கு நாற்பது பந்துகள்

பயிற்சிக்கு முன் கல் பொறுக்குகிறோம்.
குரசாவோவின் இந்தக் கோடியில் மண் என்பது
பவளப் பாறை சற்று வாயை மூடியிருக்கும் இடம், அவ்வளவுதான்.
இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே
ஒரு வாளி நிறைய அள்ளிக் கொட்டினாலும்
மறுநாள் மாலை இன்னொரு வாளி முளைத்திருக்கும்.
கள்ளி வேலிக்கு அப்பால் ஆடுகள்
சம்பளம் வாங்காத நடுவர்கள் போல நிற்கின்றன.

எல்லாரும் வேலை முடிந்து வருகிறவர்கள்.
ஷுர்மன் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிறவன்.
ருட்சல் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன்.
நான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
இரவு ஷிஃப்டில் மீட்டர் பார்க்கிறவள்.
என்னைவிட எட்டு வயது மூத்தவன் ருட்சல்.
"மிலூஷ்கா, நீ சொல்லு, செய்றேன்" என்பான்.
செய்யமாட்டான்.

போன ஆகஸ்டில்
கல்லில் பட்டு எழும்பிய ஒரு பந்து
அவன் முன்பல்லைக் கொண்டுபோனது.
இப்போதும் கால் சரியாகத்தான் வருகிறது,
இடுப்பு தாழ்கிறது,
க்ளவ் விரல்நுனி மண்ணைத் தொடுகிறது,
கடைசி ஒரு முழத்தில்
தாடை மட்டும் இடப்பக்கம் திரும்பிவிடுகிறது,
கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டதுபோல.

சொல்லிப் பார்த்தேன்.
பந்து வரட்டும் என்று நிற்காதே,
நின்றால் எங்கே எழும்புவது என்று அது முடிவு செய்யும்,
போனால் நீ.
மண்ணை விட்டுக் கிளம்பும்போதே அமுக்கு,
இல்லையென்றால் முழுக்க எழும்பி இறங்கவிட்டு எடு,
இரண்டுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ளாதே.
க்ளவ் கீழேயிருந்து மேலே வரலாம்,
மேலேயிருந்து கீழே போகிற க்ளவுக்காக
எந்தப் பந்தும் காத்திருந்ததில்லை.
மற்றக் கை, சட்டிக்கு மூடி.

இதெல்லாம் அவனுக்குத் தெரியும்.
ஷுர்மனுக்கு அவன் விளக்கியதை ஒருநாள் கேட்டேன்,
என்னைவிட நன்றாகவே விளக்கினான்.
தாடைக்குத்தான் காது கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை க்ளவைக் கழற்றச் சொன்னேன்.
இருபது டென்னிஸ் பந்துகள்,
ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஓர் எண்.
பிடிக்க வேண்டாம். படி.
உருட்டினேன்.
"ஏழு" என்றான். அது ஒன்று.
"மூன்று" என்றான். எட்டு.
"உன் கையெழுத்தே கோளாறு" என்றான்.
பதினோராவது வரை என் கையெழுத்தைத்தான் திட்டினான்.
பிறகு திட்டவில்லை.
பதினைந்தாவதில் எண்ணைச் சொன்னான்,
அதன் வால் சற்றே அழிந்திருப்பதையும் சொன்னான்.

அப்புறம் நிஜப் பந்து, நிஜ மட்டை, இருபது.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
கிழக்குக் காற்றுக்குத் தலைகொடுத்து
மேற்கே வளைந்தே வளர்ந்த வாட்டபானா மரம்
இருட்டில் இன்னும் கொஞ்சம் வளைந்தது.
நான் அடித்த கடைசிப் பந்து
நாங்கள் பொறுக்க மறந்த ஒரு கல்லைத் தேடிப் போய்த் தொட்டது.
எல்லாரும் பார்த்தோம்.
யாரோ "ஐயோ" என்று பாதியில் நிறுத்தினார்கள்.

மார்பில் வாங்கினான்.
முகம் நேராக இருந்தது.
காலடியில் விழுந்ததை எடுத்துப் புரட்டிப் பார்த்து,
"இதுல நம்பரே இல்லையே" என்றான்,
பல் இல்லாத இடம் தெரியச் சிரித்து.

ஞாயிற்றுக்கிழமை, ஆறாம் இன்னிங்ஸ்,
இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில்.
பந்து அவனிடம்தான் வந்தது, வேகமாக, தாழ்வாக.
இரண்டடி முன்னே போனான், குனிந்தான்,
ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல்
குடத்தில் மொண்டதுபோல் எடுத்தான்.
நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நிமிர்ந்து எறிந்தான்.
முதல் பேஸில் நின்றவன் எம்பியும்
அவன் தலைக்கு மேலே நாலு முழம்.
கள்ளி வேலியைத் தாண்டி
ஆடுகள் மூலைக்கொன்றாய்ச் சிதறின.

இரண்டு ரன் போயிற்று.
நோட்டில் எழுதினேன்: ருட்சல், முகம் நேர்.
அதற்குக் கீழே,
தோள், அடுத்த செவ்வாய்.